ஜாமீன் கட்டலாமா, பொறுக்கலாமா? அமெரிக்கக் கைதும் குடியேற்றக் காவலும்: வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுப் பெங்களூருவில் இருக்கும் குடும்பங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குடியுரிமை இல்லாதவர் அங்கே கைதானால் நடப்பது இரண்டு வழக்குகள். ஒன்று குற்ற வழக்கு, மற்றது ஐசிஇ எனப்படும் குடியேற்ற அமலாக்கத் துறையின் வழக்கு. முன்னதில் சாதகமாகத் தெரிவது பின்னதில் கழுத்தை இறுக்கலாம்.

என் அண்ணன் மகன் டெக்சாஸுக்கு எம்.எஸ். படிக்கப் போனான். நடுவில் படிப்பை விட்டுவிட்டான். போன வாரம் குடித்துவிட்டு கார் ஓட்டியதாகக் கைது செய்திருக்கிறார்கள். ஜாமீன் 2,000 டாலர். அங்கிருக்கும் சொந்தக்காரர்கள் கட்டத் தயார். ஆனால் வக்கீல், "கொஞ்சம் பொறுங்கள்" என்கிறார். ஃபீஸ் ஏற்றப் பார்க்கிறாரோ?
— பெயர் வேண்டாம், அல்சூர்

அப்படித் தெரியவில்லை. விவரம் தெரிந்த வக்கீலாகத்தான் படுகிறார்.

படிப்பை விட்டதும் எஃப்-1 எனப்படும் மாணவர் விசாத் தகுதி போய்விட்டது. சிறையில் கைரேகை எடுத்த உடனே அது ஐசிஇக்கும் போய்ச் சேரும். அவர்கள் "இவரை விடுவிக்கும்போது எங்களுக்காக 48 மணி நேரம் வரை பிடித்து வையுங்கள்" என்று சிறைக்கு ஒரு கோரிக்கை அனுப்புவார்கள். இதற்கு டிடெய்னர் என்று பெயர், படிவம் ஐ-247ஏ. பல மாநிலங்களில் சிறை அதிகாரி இதை ஏற்கலாம், மறுக்கலாம். டெக்சாஸில் அந்தப் பேச்சே இல்லை; 2017-ல் வந்த மாநிலச் சட்டப்படி ஏற்றே ஆக வேண்டும். ஆகவே வக்கீல் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது டிடெய்னர் விழுந்திருக்கிறதா என்பது. சிறை அலுவலகத்துக்கு ஒரு போன் செய்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

விழுந்திருந்து, நீங்கள் 2,000 டாலரைக் கட்டினால் பையன் வீட்டுக்கு வர மாட்டான். ஐசிஇ வண்டியில் ஏற்றி அவர்களுடைய காவல் மையத்துக்குக் கொண்டுபோவார்கள். அது பக்கத்து கவுண்டியிலும் (மாவட்டத்திலும்) இருக்கலாம், லூசியானாவிலும் இருக்கலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கும். குற்ற வழக்கு வாய்தா நாளில் அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டிய கடமை ஐசிஇக்கு இல்லை. ஆள் வராவிட்டால் வாரண்ட் வரலாம், கட்டிய ஜாமீனும் பறிமுதலாகலாம். அவனை அழைத்துவரச் சொல்லி நீதிபதியிடம் தனியாக உத்தரவு வாங்கலாம். அதற்கு அரசுத் தரப்பு ஒத்துழைக்க வேண்டும், ஆளனுப்ப ஷெரீஃப் அலுவலகமும் முன்வர வேண்டும். ஜாமீன் ஏஜென்ட் மூலம் கட்டினால் பொதுவாக 10 சதவீதம் அவர் கட்டணம். அது எந்த நிலையிலும் திரும்பாது. ஐசிஇ காவலில் கழியும் நாட்கள் குற்ற வழக்கின் தண்டனையில் கழிவதும் நிச்சயமில்லை. கவுண்டி சிறையிலேயே இருந்தால் ஒவ்வொரு நாளும் கணக்கில் சேரும்.

அதற்காக எப்போதும் ஜாமீன் கட்டக் கூடாது என்றில்லை. உங்கள் பையன் விசாவில் முறையாக உள்ளே போனவன். குடித்துவிட்டு வண்டி ஓட்டும் முதல் குற்றம், குடியேற்ற ஜாமீனே கேட்க முடியாத கட்டாயக் காவல் பட்டியலில் இல்லை. அந்த ஒன்றுக்காக மட்டும் நாடு கடத்தவும் முடியாது. அவனை நாடு கடத்தக் காரணமாக இருப்பது விட்ட படிப்பு. ஆகவே குடியேற்ற நீதிபதியிடம் தனி ஜாமீன் கேட்கலாம். சட்டப்படி அதன் குறைந்தபட்சத் தொகை 1,500 டாலர். நடைமுறையில் கூடவே இருக்கும். ஆனால் அங்கே "நான் ஆபத்தானவன் அல்ல" என்று நிரூபிக்க வேண்டியது அவன்தான். தீர்ப்பாகாத கைதைக்கூட நீதிபதி கணக்கில் எடுப்பார். குடிபோதை வழக்கைப் பெரிய பாதக அம்சமாகப் பார்க்க வேண்டும் என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2018-லேயே சொல்லிவிட்டது.

எனவே வக்கீல் இரண்டு வழிகளை எடைபோடுகிறார். ஒன்று, டெக்சாஸ் வழக்கை உள்ளிருந்தபடியே முடித்துவிட்டு, மதுப்பழக்கப் பரிசோதனை அறிக்கை, கவுன்சலிங் சான்று, தங்குமிடம் தருபவரின் கடிதம் ஆகியவற்றோடு குடியேற்ற ஜாமீனுக்குப் போவது. மற்றது, இந்தக் காகிதங்கள் இப்போதே கையில் இருந்தால் ஜாமீன் கட்டி ஐசிஇக்குப் போய், அங்கும் ஜாமீன் வாங்கி வெளியே வந்து வழக்கை நடத்துவது. இரண்டாவது வழி சரியாக அமைந்தால் அதுவே மேல். காகிதம் இல்லாமல் அதில் இறங்குவதுதான் விபரீதம். குடியேற்ற ஜாமீனைப் பெங்களூருவிலிருந்து கட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவர் தன் பெயரில் கட்ட வேண்டும். அந்த ஆளை இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

பையனிடமும் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். சிறைக்கு வரும் ஐசிஇ அதிகாரி "எந்த ஊரில் பிறந்தாய்" என்று சாதாரணமாகத்தான் கேட்பார். வக்கீல் இல்லாமல் பதில் வேண்டாம். விசாரணையே இல்லாமல் நாடு கடத்தச் சம்மதம் என்ற தாளும் நீட்டப்படலாம். அதில் கையெழுத்து வேண்டாம்.

அட்லாண்டாவில் படிக்கும் என் மகள் கடையில் சுமார் 60 டாலர் பொருளை பில் போடாமல் எடுத்து வந்துவிட்டாள். வக்கீல், "குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதமும் 12 மாதம் புரொபேஷனும் (வெளியே இருந்தபடி கண்காணிப்பு) தான், ஜெயில் கிடையாது" என்கிறார். முடித்துக்கொள்ளலாமா?
— ஒரு தாய், மல்லேஸ்வரம்

இந்தத் தாளில் கையெழுத்திடும் முன் குடியேற்ற வக்கீல் ஒருவர் அதை வரிவரியாகப் படிக்க வேண்டும். காரணம் ஜார்ஜியா மாநிலத்தின் ஒரு வழக்கம்.

அங்கே சிறு குற்றங்களுக்குத் தீர்ப்பு எழுதும்போது "12 மாதச் சிறை, அதைப் புரொபேஷனில் கழிக்கலாம்" என்று எழுதுவது உண்டு. உங்கள் மகள் ஒரு நாள்கூடச் சிறையில் இருக்க மாட்டாள். ஆனால் குடியேற்றச் சட்டம் நிறுத்திவைத்த தண்டனையையும் முழுத் தண்டனையாகவே எண்ணும். திருட்டுக்கு ஓராண்டு தண்டனை என்றாலே அது "அக்ரவேட்டட் ஃபெலனி", அதாவது குடியேற்றச் சட்டத்தில் மிகக் கடுமையான குற்ற வகை. 60 டாலர் பொருள் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. விளைவு: நாடு கடத்தல், அதுவரை ஜாமீனே இல்லாத கட்டாயக் காவல். அதே தீர்ப்பில் சிறை என்ற பேச்சே இல்லாமல் நேரடியாக "12 மாதப் புரொபேஷன்" என்று எழுதியிருந்தால் இந்தக் கண்ணியில் மாட்டாது. அல்லது சிறை 364 நாள் என்று எழுதினாலும் போதும். குற்ற வழக்கு வக்கீலுக்கு இரண்டும் ஒன்றுதான். உங்கள் மகளுக்கு அப்படியில்லை.

இதைத் தாண்டினாலும் இன்னொன்று இருக்கிறது. திருட்டு, ஒழுக்கக்கேட்டுக் குற்றங்களில் சேரும். அமெரிக்காவுக்குள் அனுமதிக்கப்பட்ட ஐந்து ஆண்டுக்குள் செய்த குற்றம், அதற்கு அதிகபட்சமாக ஓராண்டு தண்டனை தர வாய்ப்பு உண்டு என்றால், ஒரே தீர்ப்பு நாடு கடத்தப் போதும். ஜார்ஜியாவில் சிறு திருட்டுக்கு அதிகபட்சம் 12 மாதம். கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் இதற்காகவே சிறு குற்றங்களின் உச்சத் தண்டனையை 364 நாளாகக் குறைத்துவிட்டன. ஜார்ஜியா அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் எதைக் கேட்பது? குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, வகுப்பு, சமூக சேவை முடித்தால் வழக்கை கைவிடும் "பிரீ-டிரையல் டைவர்ஷன்" திட்டம். முதல் குற்றவாளிகளுக்கென்று ஜார்ஜியாவில் "ஃபர்ஸ்ட் ஆஃபெண்டர்" என்றொரு சலுகையும் உண்டு. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்; அதில் முதலில் ஒப்புதல் கொடுத்தாக வேண்டும். மாநிலத்தின் கணக்கில் அது தண்டனைப் பதிவு இல்லை. குடியேற்றச் சட்டத்திலோ, ஒப்புதலும் நீதிபதி விதித்த ஏதோ ஒரு கட்டுப்பாடும் சேர்ந்தால் அது தண்டனைப் பதிவே. பின்னாளில் பதிவை அழித்தாலும் அங்கே அழியாது.

குடியுரிமை இல்லாத கட்சிக்காரருக்கு ஒப்புதலின் குடியேற்ற விளைவைச் சொல்வது குற்ற வழக்கு வக்கீலின் அரசியல் சாசனக் கடமை. 2010-ல் பாடில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வைத்த விதி அது. அதனால் தயங்காமல் மின்னஞ்சலில் மூன்று கேள்வி அனுப்புங்கள்: எந்தச் சட்டப் பிரிவில் ஒப்புதல்? தீர்ப்பின் சரியான வாசகம் என்ன? இதைக் குடியேற்ற வக்கீல் யார் பார்த்தார்? "இதெல்லாம் பெரிய விஷயமில்லை" என்று பதில் வந்தால் வக்கீலை மாற்றுங்கள்.

2025 ஜனவரியில் வந்த லேக்கன் ரைலி சட்டம் பற்றியும் பயந்து எழுதியிருந்தீர்கள். கடைத் திருட்டுக்குக் கைதானாலே கட்டாயக் காவல் என்கிறது அந்தச் சட்டம், தீர்ப்புகூடத் தேவையில்லை. ஆனால் அது அனுமதியின்றி நுழைந்தவர்கள், பொய் சொல்லி நுழைந்தவர்கள், உரிய ஆவணமின்றி வந்தவர்கள் மீதுதான் பாயும். மாணவர் விசாவில் முறையாகப் போனவர் மீது நேராகப் பாயாது. விசா ரத்தாகும் அபாயம் வேறு. அது கைதோடே வந்துவிடலாம்.

என் மருமகள் போலீஸில் புகார் கொடுத்து, கலிஃபோர்னியாவில் மகன் கைதாகி ஜாமீனில் இருக்கிறான். அவளோடு தொடர்புகொள்ளக் கூடாது என்று கோர்ட் உத்தரவு. உத்தரவு அவனுக்குத்தானே? நாங்கள் இங்கிருந்து அவளோடும் சம்பந்தியோடும் பேசி வாபஸ் வாங்கச் சொல்லலாமா?
— ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ஜெயநகர்

வேண்டாம் ஐயா. ஒரு வாட்ஸ்அப் செய்தி கூட வேண்டாம்.

முதலில், உங்கள் மருமகளால் வாபஸ் வாங்கவே முடியாது. அங்கே வழக்கு நடத்துவது அரசு. புகார்தாரர் வெறும் சாட்சி. சாட்சியை மனம் மாற்றச் சொல்வது தனிக் குற்றம். மகன் சொல்லித்தான் நீங்கள் பேசினீர்கள் என்று தெரிந்தால் உத்தரவை மீறியவர் அவரே. சிறைத் தொலைபேசி அழைப்புகள் பதிவாகும் என்பதையும், அம்மாவிடம் தமிழில் பேசியதும் மொழிபெயர்க்கப்பட்டுக் கோர்ட்டுக்குப் போகும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

குடியேற்றக் கோணத்தில் விளைவு இன்னும் மோசம். வன்முறை மிரட்டல், தொல்லை ஆகியவற்றிலிருந்து காக்கும் உத்தரவை மீறினார் என்று நீதிமன்றம் கண்டாலே நாடு கடத்தலாம். அதற்குத் தனியாகக் குற்றத் தீர்ப்பு தேவையில்லை. அடித்தார் என்ற மூல வழக்கில் விடுதலை ஆனாலும் இது நிற்கும்.

தப்பிக்க வழி ஒப்புதல் பேரத்தில், அதாவது எந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டு வழக்கை முடிப்பது என்று அரசு வக்கீலோடு பேசுவதில் இருக்கிறது. குடும்ப வன்முறைத் தீர்ப்பு நாடு கடத்தக் காரணமாகும். ஆனால் கட்டாயக் காவல் பட்டியலில் அது தன்னளவில் இல்லை, எனவே குடியேற்ற ஜாமீன் கேட்க இடம் உண்டு. அதைவிட மேலானது, வன்முறையும் குடும்ப உறவும் சட்டப் பிரிவிலேயே இல்லாத ஒரு சிறு குற்றத்தில் முடிப்பது. கலிஃபோர்னியாவில் 2016 முதல் அரசு வக்கீலும் பேரத்தில் குடியேற்ற விளைவைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உங்கள் வக்கீல் அதைப் பயன்படுத்துகிறாரா என்று கேளுங்கள். புகாரில் உண்மை இருந்தால், மருமகளுக்கும் சட்டம் தரும் பாதுகாப்பு உண்டு. அதை யாரும் பேரம் பேச முடியாது, பேசவும் கூடாது.

தம்பியை ஐசிஇ கொண்டுபோய் மூன்று நாளாயிற்று. இணையத்தில் தேடினால் பெயரே இல்லை.
— ஃப்ரேசர் டவுன் வாசகி

ஐசிஇயின் கைதி தேடல் பக்கத்தில் இரண்டு வழி: குடியேற்றக் கோப்பின் ஏ-எண்ணும் பிறந்த நாடும், அல்லது பெயரும் பிறந்த நாடும். பெயரில் தேடும்போது எழுத்து துளி மாறினாலும் கிடைக்காது. நம்மவர்களுக்குத் தொல்லையே இங்குதான். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் என்றால் அமெரிக்க ஆவணங்களில் அது குடும்பப் பெயர் ஆகி, முதல் பெயர் இடத்தில் "எஃப்என்யூ" என்ற மூன்று எழுத்து வந்து உட்காரும். சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். விசா தாளில் அச்சானபடியே ஒருமுறை, பெயர்களை இடம் மாற்றி ஒருமுறை தேடுங்கள். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றும்போதும் பெயர் சிலகாலம் காணாமல் போகும்.

இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் தானாகப் போகும் என்று காத்திருக்காதீர்கள். இந்தியர் விஷயத்தில், கைதானவர் கேட்டால்தான் சொல்வார்கள். தம்பி வாய்விட்டுக் கேட்க வேண்டும். நீங்கள் இங்கிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம்.

அரசு கொடுத்த பப்ளிக் டிஃபெண்டர் நன்றாக வாதாடுகிறார். குடியேற்ற வழக்கையும் அவரே பார்ப்பாரா?
— சிவாஜிநகர் வாசகர்

பெரும்பாலும் மாட்டார். குற்ற வழக்கில் ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் உரிமை. குடியேற்ற வழக்கில் வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, செலவு உங்களுடையது. சில பெரிய நகரங்களில் டிஃபெண்டர் அலுவலகத்திலேயே குடியேற்றப் பிரிவு இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

என் மைத்துனருக்கு 2005 முதல் கிரீன் கார்டு. 2014-ல் 20 கிராம் கஞ்சா வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். இப்போது கல்யாணத்துக்காகப் பெங்களூரு வந்திருக்கிறார். அடுத்த மாதம் திரும்புகிறார். பழைய கதைதானே?
— இந்திராநகர் வாசகர்

விமான டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

சொந்த உபயோகத்துக்கு ஒரே தடவை 30 கிராம் வரை கஞ்சா வைத்திருந்தவரை நாடு கடத்த முடியாது என்று ஒரு விலக்கு உண்டு. அது அமெரிக்காவுக்குள் இருப்பவருக்கு. எல்லையில் வந்து நிற்பவருக்கு அந்த விலக்கு கிடையாது. அங்கேயே இருந்திருந்தால் பாதுகாப்பாக இருந்திருப்பார். கல்யாணத்துக்கு வந்ததால்தான் சிக்கல். இத்தகைய தீர்ப்புள்ள கிரீன் கார்டுதாரர் திரும்பும்போது புதிதாக நுழையக் கோருபவராக நடத்தப்படுவார். அப்படி நடத்திக் காவலில் வைத்தால் குடியேற்ற நீதிபதியிடம் ஜாமீன் கேட்கவே முடியாது. ஐசிஇயே பார்த்துப் பரோல் தந்தால்தான். சிலரைப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, இன்னொரு நாள் வரச்சொல்லி அனுப்புவதும் உண்டு. அதை நம்பிக் கிளம்ப முடியாது.

செய்ய வேண்டியது: 2014 வழக்கின் சான்றிட்ட நகல்களை, அதாவது குற்றச்சாட்டு, ஒப்புதல் பதிவு, தீர்ப்பு மூன்றையும் வரவழையுங்கள். அப்போதைய வக்கீல் குடியேற்ற விளைவைச் சொல்லவில்லை என்றால், அந்த மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். பாடில்லா விதி முன்தேதியிட்டுச் செல்லாது என்று 2013-ல் தீர்ப்பானது. இவருடையது அதற்குப் பின் வந்த 2014 வழக்கு, எனவே பிரச்சினையில்லை. விளைவு தெரிந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டார் என்று அன்றைய ஆதாரங்களோடு காட்ட வேண்டும். 2017-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் லீ என்பவர் அப்படித்தான் வென்றார். ரத்து உத்தரவில் சட்டப் பிழை என்ற காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். "குடும்பம் கஷ்டப்படும்" என்ற இரக்கத்தில் ரத்து செய்தால் குடியேற்ற நீதிமன்றம் ஏற்காது.

இது பலிக்காவிட்டால், நாடு கடத்தலை ரத்து செய்யக் கோரும் மனு இருக்கிறது. ஐந்தாண்டு கிரீன் கார்டு, குற்றத்துக்கு முன் ஏழாண்டுத் தொடர் வசிப்பு, அக்ரவேட்டட் ஃபெலனி இல்லை என்ற மூன்றும் இவருக்குப் பொருந்துவதாகத் தெரிகிறது. ஓராண்டுக்கு மேல் இங்கேயே தங்கினால் கிரீன் கார்டுக்கே ஆபத்து, அதற்குள் முடிவெடுங்கள். விமான நிலையத்தில் ஐ-407 என்ற படிவத்தை நீட்டினால் கையெழுத்திடக் கூடாது. கிரீன் கார்டைத் தானே விட்டுக்கொடுக்கும் படிவம் அது.

என் வீட்டில் குடியிருந்த ஆப்பிரிக்க மாணவருக்கு ஒரு வழக்கில் ஜாமீன் கிடைத்தும் வெளியே விடவில்லை. நெலமங்கலா பக்கம் கொண்டுபோனார்களாம். இந்தியாவிலும் இதே கதையா?
— கம்மனஹள்ளி வாசகர்

கிட்டத்தட்ட. நெலமங்கலா பக்கம் சொண்டேகொப்பாவில் இருப்பது வெளிநாட்டவருக்கான காவல் மையம். பெரும்பாலும் நடப்பது இதுதான்: உள்ளே இருந்த மாதங்களில் விசா காலாவதியாகிவிடும்; ஜாமீன் உத்தரவு வந்த அன்றே வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் அவரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். ஊருக்குத் திரும்பவும் முடியாது, வழக்கு நிலுவையில் இருக்கும்வரை நீதிமன்ற அனுமதியின்றி வெளியேறும் அனுமதி தர மாட்டார்கள்.

2025 செப்டம்பர் 1 முதல் பழைய நான்கு சட்டங்களுக்குப் பதிலாகக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடப்பில் உள்ளது. விசா முடிந்தும் தங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் வரை அபராதம். எனவே ஜாமீன் மனு போடும் அன்றே விசா நீட்டிப்பு விண்ணப்பத்தையும் இணையத்தில் போட்டு, அதன் ரசீதை மனுவோடு இணைக்க வேண்டும். தங்குமிட முகவரியை உறுதி செய்து நீங்கள் கடிதம் கொடுத்தால் அதுவும் உதவும். நாட்டை விட்டுப் போக மாட்டார் என்ற தூதரக உறுதிச் சான்று இல்லாவிட்டால் ஜாமீன் இல்லை என்று சொன்னால், ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024-ல் தந்த தீர்ப்பை வக்கீல் காட்டட்டும். எல்லா வழக்கிலும் அது கட்டாயமில்லை.

இலங்கைத் தமிழர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு உண்டு. வேறு குற்ற வழக்கு இருந்தால் அதற்கு இந்த விலக்கு உதவாது. பதிவுச் சான்றின் நகலை வக்கீலிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.